திங்கட்கிழமைப் பெரியப்பா

அக்கா வீட்டில் திங்கட்கிழமை என்றால் தெருக்கோடியில் கீரைக்காரி கூவுவது உள்கட்டுவரை கேட்கும். மற்ற நாட்களில் கேட்காது. வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்.

பேசுகிறவர் அத்திம்பேரின் அண்ணா. உயர்நீதிமன்ற வக்கீல். மனைவி காலமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீடு அவருடையது. அன்றைக்கு என்ன குழம்பு வைக்க வேண்டும் என்பதையும், சண்டையில் ஜப்பான்காரன் எங்கே தவறு செய்தான் என்பதையும் ஒரே குரலில்தான் சொல்வார். நீதிபதிக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டிவிட்டவரின் குரல் அது.

தேசத்தின் பெரிய தலைவர் திங்கட்கிழமைதோறும் மௌனம் இருந்த காலம். அதைப் பார்த்து மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவராவது திங்கட்கிழமை வாயைக் கட்டிக்கொண்டார். எங்கள் தெருவுக்கு வக்கீல். அன்று அவர் கோர்ட்டுக்குப் போகமாட்டார். வழக்குகளை ஜூனியர் பார்த்துக்கொள்வார். முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில், மடியில் ஒரு சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருப்பார். "காபி" என்று எழுதிக் காட்டுவார். "சூடு போதாது" என்று எழுதிக் காட்டுவார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் வழக்குகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வாங்கப் பார்ப்பதாக ஒரு பேச்சு இருந்தது. நான் அதை விசாரித்து உறுதி செய்யவில்லை.

நான் அப்போது மவுண்ட் ரோடில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். ராத்திரி வேலை, பகலில் அக்கா வீட்டு மாடி அறையில் தூக்கம். அதிலும் காலைத் தூக்கம் என்பது திங்கட்கிழமை மட்டும்தான் சாத்தியம். அதனால் அந்த வீட்டின் பகல் நேரங்களை நான் நன்றாக அறிவேன்.

இனி அக்காவின் பையன். நாலு வயது முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. சுருட்டை முடி, அகலமான நெற்றி, நல்ல ஆரோக்கியம். ஒரு வார்த்தை பேசமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் சமையலறையில் பித்தளை மூடி ஒன்று தரையில் உருண்டால் வாசலிலிருந்து ஓடி வருவான். அந்த மூடியைச் செங்குத்தாக நிறுத்திச் சுழற்றிவிட்டு, அது ஆடி ஆடி அடங்கும்வரை குப்புறப் படுத்துக் கண்ணைத் தரையோடு வைத்துப் பார்ப்பான். அடங்கியதும் மறுபடி. டம்ளர்களை உயர வரிசையில் அடுக்குவான். யாராவது ஒன்றை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டால் வீடு அதிரும். ஏதாவது வேண்டுமென்றால் கேட்கமாட்டான், விரலை நீட்டிக் காட்டவும் மாட்டான். அருகில் இருப்பவரின் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டுபோய், வேண்டிய இடத்தில் வைப்பான். கதவைத் திறக்க வேண்டுமானால் நம் கையைத் தாழ்ப்பாளின்மேல் வைப்பான். அந்த நேரத்தில் நாம் அவனுக்கு ஒரு நல்ல சாவி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாப்பாட்டு இலையின் முன் வக்கீல் தீர்ப்புச் சொன்னார்.

"விஜயதசமிக்கு இவனுக்கு அட்சராப்பியாசம். மடியில உக்காந்து, எல்லாக் கொழந்தைகளையும்போல அரிசியில விரலை வெச்சு ஒரு எழுத்து எழுதட்டும். எழுதினா பள்ளிக்கூடம். இல்லேன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. மனசு சரியில்லாதவாளுக்குன்னு ஊருக்கு வெளியில தனியா இருக்கு. அங்க டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர். கொண்டு விட்டுடலாம். அவாளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"சரி அண்ணா" என்றார் அத்திம்பேர். அவர் அந்த வீட்டில் அதிகம் சொன்ன வாக்கியம் அது.

வக்கீல் இதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. சட்டம் தெரியாதவன் வக்கீலிடம் போகிறான். பிள்ளை புரியாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு விஷயம் அவ்வளவு நேராக இருந்தது.

மத்தியானம் அக்கா மாடிக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"கொண்டு விட்டுடலாம்ங்கறார்டா. வேஷ்டியைச் சலவைக்குப் போடற மாதிரி."

"விஜயதசமிக்கு இன்னும் நாள் இருக்கே."

"நாள் இருக்கு. அவனுக்கு அது தெரியுமா?" என்றாள். பிறகு என் மேஜையில் இருந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்து, "உங்க ஆபீசுக்கு வெளிநாட்டுப் பேப்பரெல்லாம் வரதே, அதுல இதுக்கு ஏதாவது போட்டிருக்கானா பாரேன்" என்றாள்.

பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த வருஷங்களில்தான் எங்கோ கடல் கடந்து சில மருத்துவர்கள் இதே மாதிரிக் குழந்தைகளைப் பார்த்து இதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. ஆட்டிசம் என்ற அந்தச் சொல் எங்கள் செய்தி மேஜைக்கு வந்தபோது எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது.

பெயர்தான் இல்லையே தவிர, காரணங்களுக்கு மயிலாப்பூரில் பஞ்சமே இல்லை. பையன் பிறந்தது, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியான கோடைகாலத்தில். நிறைமாதத்தில் அக்காவைக் கும்பகோணம் ரயிலில், ஆட்கள் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்த பெட்டியில், நான்தான் ஏற்றிவிட்டேன். ஆகவே சைரன் சத்தம் கருவுக்குள் புகுந்துவிட்டது என்றாள் பால்காரி. கிரகணத்தன்று கத்தியைத் தொட்டிருப்பாள் என்றார்கள் எதிர் வீட்டில். நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் ஒருவர். அதைப் பார்ப்பதற்காக வாயைத் திறக்க முயன்று கடிபட்டார். அடையாறில் இங்கிலாந்து போய் வந்த டாக்டர் ஒருவர் பையனைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் மேலும் கீழும் பார்த்தார். தாய் போதுமான அளவுக்குக் கொஞ்சாததால் வந்தது என்றார். அக்காவை அழைத்துக்கொண்டு திரும்பினேன். ரிக்‌ஷாவில் அவள் மடியில் பையன் அவளுடைய வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைவரை தள்ளிவிட்டு, அவை திரும்ப வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

இந்தக் காரணங்களில் எதுவும் காரணம் இல்லை என்று இன்று தெரியும். சைரனும் இல்லை, கிரகணமும் இல்லை, தாயின் கொஞ்சல் குறைவும் நிச்சயமாக இல்லை. சில குழந்தைகள் மூளை வேறு விதமாக அமைந்தே பிறக்கின்றன. ஏன் என்பதில் பாதிதான் இன்னும் தெரிந்திருக்கிறது. குடித்தால் சரியாகும் மருந்து கிடையாது. பொறுமையாகப் பழக்கினால், அவர்களுடைய தினசரி ஒழுங்கைக் கலைக்காமல் இருந்தால், எது அவர்களைத் துன்புறுத்துகிறது என்று கண்டுபிடித்து அதை விலக்கினால், நிறைய நடக்கிறது. இந்த மூன்றாவது விஷயத்தை அந்த வீடு தற்செயலாகக் கண்டுபிடித்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் வைத்தியங்கள். அவை பெரும்பாலும் சந்தோஷமான நினைவுகள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். ராயப்பேட்டையில் யுனானி வைத்தியம் பார்த்த ஹகீம் ஒரு சர்பத் கொடுத்தார். அது பையனுக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். பக்கத்து வீட்டில் குடியிருந்த டீச்சரம்மா, சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மீன் எண்ணெய் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் மீன் எண்ணெயா என்று அக்கா தயங்கினாள். "மருந்துன்னா மருந்துதான். சாஸ்திரத்துல இடம் இருக்கு" என்று வக்கீல் ஆணையிட்டார். அடுத்த சில வாரங்கள் தெருப் பூனைகள் பையன் பின்னால் வரிசையாக நடந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது கிளி வைத்தியம். கிளி கொத்திய பழத்தைத் தின்றால் பேச்சு வரும் என்று யாரோ சொல்லி, குளக்கரைக் கிளி ஜோசியரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கொய்யாப்பழத்தைக் கிளி கொத்தியது. பையன் பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூண்டின் கதவைப் பார்த்தான். மேலே இழுத்தால் திறக்கும், விட்டால் விழும் கதவு. இழுத்தான். கிளி பழக்கதோஷத்தில் வெளியே வந்து, ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போயிற்று. கதவு விழுந்தது. மறுபடி இழுத்தான். கிளி வந்தது, சீட்டு, உள்ளே. மறுபடி.

"நைனா, போதும் நைனா! சீட்டெல்லாம் பூடுச்சு! இன்னா சாமி, பாத்துகினே கீறீங்க? புள்ளைய இஸ்துக்கோங்க!" என்று ஜோசியர் கத்தினார்.

தெருவில் உள்ள அத்தனை பேருக்குமான விதியும் கூடத்தில் பரவிக் கிடந்தது. பையன் சிரித்துக்கொண்டே இருந்தான். கிளியும் சளைக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

நான் அவனுக்குச் செய்த வைத்தியம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் வேலைக்குப் போகுமுன் அவனை டிராம் கடைசியாக நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போவேன். டிராம் திரும்பாது, அதற்கு இரண்டு பக்கமும் முகம். மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளக் கம்பத்தை மட்டும் கண்டக்டர் கயிற்றால் இழுத்து, அரைவட்டமாக நடந்து, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவார். கம்பம் கம்பியைத் தொடும்போது ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறிக்குப் பையன் கைகளை இறக்கைபோல அடித்துக்கொண்டு குதிப்பான்.

"இன்னா சார், தொர வந்துட்டாரா? அப்ப வண்டிய எடுத்துற வேண்டியதுதான்" என்பார் கண்டக்டர். பையனுக்காகச் சில நாள் கம்பத்தை வேண்டுமென்றே ஒரு தடவை தவறவிட்டு, இரண்டாவது பொறி ஒன்று இலவசமாகக் காட்டுவார்.

ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முன்கூடத்தில் கண்ட காட்சியை என்னால் உடனே நம்ப முடியவில்லை. வக்கீல் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மடியில், அவர் மார்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பையன். மற்ற நாட்களில் வக்கீல் கூடத்துக்குள் வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிறவன். இப்போது பெரியப்பாவின் கையை மணிக்கட்டில் பிடித்து, சிலேட்டின்மேல் வைத்திருந்த மூடியில் வைத்துக்கொண்டிருந்தான். வக்கீல் சுழற்றினார். மூடி ஆடி அடங்கியது. பையன் மறுபடி கையை எடுத்து வைத்தான்.

வக்கீல் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி சரிந்திருந்தது. சிலேட்டு மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்ததால் எழுத முடியவில்லை. புருவத்தால் பையனைக் காட்டினார். கோர்ட்டில் வெற்றி பெற்று வந்த நாட்களில்கூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமையும் பையன் போனான். செவ்வாய்க்கிழமை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை போனான்.

செவ்வாய்க்கிழமை காலை, வாய் திறக்கும் உரிமை திரும்பியதும், வக்கீல் காரணத்தை அறிவித்தார்.

"சோமவாரம்! சந்திரன் மனசுக்கு அதிபதி. கொழந்தைக்கு மனசுலதான் கோளாறு. சந்திரனோட நாள்ல மனசு தெளியறது. இவ்வளவு நாளா எல்லா வைத்தியத்தையும் கண்ட கெழமையில பண்ணிண்டு இருந்திருக்கோம்! இனிமே எல்லாம் திங்கட்கெழமைதான்!"

கட்டிலுக்கு அடியில் பையன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"சரி அண்ணா" என்றார் அத்திம்பேர்.

அடுத்த திங்கட்கிழமை அந்த வீட்டில் நடந்ததை எங்கள் பத்திரிகையாக இருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்போம். காலையில் சாஸ்திரிகள் வந்து சந்திரனுக்கு ஜபம் தொடங்கினார். வசம்பு வைத்தியர் வந்தார். ஹகீம் சர்பத் புட்டியோடு ஆள் அனுப்பினார். டீச்சரம்மா, எல்லாம் திங்கட்கிழமை என்று கேள்விப்பட்டு, மீன் எண்ணெயை எடுத்துக்கொண்டு, பாடத் தெரிந்த தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சங்கீதம் நல்லது என்பது அவருடைய கட்சி. கிளி ஜோசியர் கூப்பிடாமலே வந்து, கூண்டைத் துணியால் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். உள்ளே மணி, வெளியே கிளி. இந்த இரைச்சலின் நடுவில் வக்கீல் ஒருவர்தான் பேசாமல், சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பையன் வரவில்லை. என் அறையில், என் கட்டிலுக்கு அடியில் இருந்தான். நானும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தேன்.

மூன்று வாரம் இப்படி. மூன்றாவது வாரம் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வக்கீல் சிலேட்டில் ஒன்று எழுதி, யாருக்கும் காட்டாமல் அழித்தார். மறுநாள் சாதாரணக் குரலில், அதாவது குளக்கரைக்குக் கேட்கும் குரலில், ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் விஜயதசமியன்று ஜட்கா வண்டி ஏற்பாடு செய்துவிட்டதாகவும் சொன்னார். திங்கட்கிழமை வெறும் தற்செயல் என்றார். அக்கா அன்று சமையலில் உப்புப் போட மறந்தாள். யாரும் சொல்லிக் காட்டவில்லை.

பிறகு வக்கீலுக்குப் பல் வலி வந்தது.

புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாய் நிறையப் பஞ்சோடு வந்து நாற்காலியில் விழுந்தார். அன்று முழுக்கப் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அக்கா வெந்நீர் கொண்டுவந்தாள். நான் சவரம் செய்துகொள்ள இறங்கிக்கொண்டிருந்தேன். பையன் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். வெளியே வந்தான். நேராகப் போய் வக்கீல் மடியில் ஏறி முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் மூடிமேல் வைத்தான்.

வக்கீலின் கண்கள் பெரிதாகின. சிலேட்டை எடுக்கவும் தோன்றாமல் காற்றில் விரலால் எழுதினார்: வியாழன்.

அக்கா வெந்நீர்ச் செம்பைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு என்னை மாடிப்படியின் திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கெழமை இல்லடா."

"பின்னே?"

"வாய்."

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி போடக் கூடாது, இரண்டாவது ஆள் வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். நான் யோசித்தேன். வக்கீல் வீட்டில் இருப்பதுதான் காரணம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் பையன் போயிருக்க வேண்டும், போகவில்லை. திங்கட்கிழமைதான் காரணம் என்றால் ஜபம் நடந்த வாரங்களிலும் போயிருக்க வேண்டும், போகவில்லை. டிராம் நிற்கும் இடத்தில் இரைச்சல் இல்லையா என்றும் தோன்றியது. இருக்கிறது. ஆனால் அந்த இரைச்சல் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். பெரியப்பாவின் குரல் எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து, எதைப் பற்றி வெடிக்கும் என்று அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. அக்கா சொன்னது நின்றது.

"சரி, இதை அவர்கிட்ட யார் சொல்றது?" என்றேன்.

அதுதான் கஷ்டம். குரலால் வீடு கட்டிய மனிதர். அவரிடம் போய், உங்கள் குரல்தான் குழந்தையை விரட்டுகிறது என்று சொல்ல வேண்டும். சொன்னவன் அதன்பின் ஒரு மணி நேரம் அந்தக் குரலைக் கேட்க வேண்டும். அத்திம்பேரிடம் சொன்னோம். அவர் உடனே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்; அன்று அவருக்கு விடுமுறை.

"நானே சொல்றேன். திங்கட்கெழமை சொல்றேன்" என்றாள் அக்கா.

"ஏன் திங்கட்கெழமை?"

"பதில் சொல்ல முடியாதோன்னோ?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் மைத்துனரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அத்திம்பேர் வழியாகத்தான் பேச்சு. அந்தத் திங்கட்கிழமை சாஸ்திரிகளையும் மற்றவர்களையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். நீங்க பேசாத இருந்தா அவன் வரான். பேசினா ஓடறான். திங்கட்கெழமையும் இல்லை, சந்திரனும் இல்லை. சத்தம் அவன் காதுல அடிக்கறது. எல்லாரும் அவனைப் பேச வைக்கறதுக்காகப் பேசிப் பேசியே அவனைக் கட்டிலுக்கு அடியில தள்ளிண்டு இருக்கோம்."

வக்கீல் பலப்பத்தை எடுத்தார். எழுதினார். அழித்தார். நீளமாக எழுதினார். இடம் போதவில்லை, அழித்தார். முகம் சிவந்தது. ஒரு வாதத்துக்குப் பதிலடி கொடுக்க அவருக்கு அன்று இருந்தது ஒரு சாண் சிலேட்டு மட்டும். கடைசியில் ஒரே ஒரு சொல்லை எழுதி அக்காவின் பக்கம் திருப்பினார்.

"சாட்சி?"

"இதோ" என்றாள் அக்கா.

பையன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தான். பலப்பம் பிடித்த கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்தான். பலப்பம் விழுந்து உருண்டது. அது உருண்டு நிற்கும்வரை இருவரும் பார்த்தார்கள். பிறகு அவன் மடியில் ஏறிக்கொண்டான்.

வக்கீல் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

அன்றிலிருந்து விஜயதசமிவரை அந்த வீட்டில் நடந்தது ஒரு பெரிய மனிதர் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்ட கதை. அவருக்கு வரவில்லை. அவர் ரகசியமாகச் சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் கொறைங்க சார், எனக்கே கேக்குது" என்று டீச்சரம்மா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார். ஆகவே சிலேட்டு எல்லா நாட்களுக்கும் வந்துவிட்டது. "அரிசிக்கு ரேஷன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன். இப்போது என் வாய்க்கும்" என்று ஒரு நாள் எழுதி எல்லோருக்கும் காட்டினார். கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஜூனியரிடம் பேசித் தீர்த்துவிடுவார் என்று கேள்வி; ஜூனியர் இளைத்திருந்தார். பையன் இப்போது கட்டிலுக்கு அடியில் போவது அபூர்வமாயிற்று.

ஆனால் ஜட்காவை அவர் ரத்து செய்யவில்லை. அக்காவால் கேட்கவும் முடியவில்லை. அட்சராப்பியாசம் நடக்கட்டும், எழுதட்டும், அதுதான் தீர்ப்பு. வக்கீல் தன் தீர்ப்பைத் தானே மாற்றுவாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. விஜயதசமியன்று காலை ஜட்கா வாசலில் வந்து நின்றபோது அக்கா பையனுக்குப் பட்டுத்துண்டு கட்டிக்கொண்டிருந்தாள். குதிரையின் கழுத்து மணி கேட்டது. அவள் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

கூடத்தில் தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. ரேஷன் அரிசி, கல்லை அக்கா பொறுக்கியிருந்தாள். சாஸ்திரிகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வக்கீல் உள்ளே வந்தார். சிலேட்டில் "இன்று மௌனம்" என்று எழுதியிருந்தது.

"இன்னிக்கு திங்கட்கெழமை இல்லையே!" என்றார் சாஸ்திரிகள்.

வக்கீல் உதட்டின்மேல் விரலை வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இன்னொருவரிடம் சத்தம் போடாதே என்று சொன்னதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சாஸ்திரிகள் மந்திரத்தை முணுமுணுப்பாகக் குறைத்துக்கொண்டார். அது நன்றாகவே இருந்தது.

பையன் தானாகவே பெரியப்பா மடியில் போய் உட்கார்ந்தான். முதல் பாதி முடிந்தது. இனி பெரியவர் குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்க வேண்டும். வக்கீல் விரலைப் பிடித்தார். பையன் உருவிக்கொண்டான். மறுபடி பிடித்தார். மறுபடி உருவிக்கொண்டான். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல் மூன்றாவது தடவை பிடிக்கவில்லை. கையைத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

பையன் அந்தக் கையைப் பார்த்தான். மணிக்கட்டில் பிடித்தான். பெரியப்பாவின் கனத்த விரலைப் பலப்பம்போல அரிசியில் ஊன்றி, தாம்பாளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராக ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில், அதே இடைவெளியில், இன்னொரு கோடு. அதன்பிறகு விரலைத் தூக்கி, பெரிய அரைவட்டமாக வீசி, எதிர்முனையில் கொண்டுபோய் டக்கென்று வைத்தான். அரிசி சாஸ்திரிகளின் மடிவரை தெறித்தது. பையன் கைகளை இறக்கைபோல அடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது என்ன எழுத்து?" என்றார் சாஸ்திரிகள், மடியைத் தட்டிக்கொண்டு.

வக்கீல் என்னைப் பார்த்தார்.

"டிராம்" என்றேன், முடிந்த அளவு மெதுவாக. "அது தண்டவாளம். இது கம்பத்தைத் திருப்பறது. அரிசி தெறிச்சது பொறி."

வக்கீல் தாம்பாளத்தை நீண்ட நேரம் பார்த்தார். சிலேட்டைத் துடைத்து எழுதினார். முதலில் சாஸ்திரிகளுக்குக் காட்டினார்: "எழுதியாயிற்று." அடுத்து எனக்கு: "எங்கே?"

பையனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் ஜட்காவில் ஏறினார். ஜட்காக்கார சாயபு பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிதானே சாமி? பொட்டி படுக்கை எங்கே?"

வக்கீல் சிலேட்டைக் காட்டினார். சாயபு படிக்கத் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"டிராம் கடைசியா நிக்கற எடத்துக்கு" என்றேன்.

"அடப் போ சாமி! இங்கேருந்து நாலு எட்டு. அதுக்கு இன்னாத்துக்குக் குதிரை?"

அக்கா உள்ளே திரும்பி, யாரையோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பு இல்லாமலே வந்து ஏறிக்கொண்டாள். அத்திம்பேரும் ஏறினார். நான் பின்படியில் தொற்றிக்கொண்டேன். குதிரை ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

டிராம் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"இன்னா தொரே, இன்னிக்கு குடும்பத்தோட வந்துகீறே! இவரு யாரு, பெரிய தொரயா?"

கம்பம் கம்பியை விட்டு இறங்கியது. அரைவட்டம் போயிற்று. பையன் பெரியப்பாவின் கையை மணிக்கட்டில் பிடித்து, மேலே தூக்கி, கம்பம் போகிற வழியெல்லாம் அதைக் கொண்டுபோனான். பொறி பறந்தது. கண்டக்டர் ஒரு தடவை வேண்டுமென்றே தவறவிட்டார். இன்னொரு பொறி. உயர்நீதிமன்ற வக்கீல் ஒருவர், விஜயதசமியன்று, ஜரிகை வேஷ்டியோடு நடுத்தெருவில் நின்று கையை அரைவட்டமாக வீசிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் பழகிய முகங்கள் இரண்டு மூன்று அந்தப் பக்கமாகப் போயின. அவர் கையை இறக்கவில்லை.

பின்னாளில் பையனுக்குச் சில சொற்கள் வந்தன. முதலில் வந்தது "திருப்பு". "அம்மா" வெகுநாள் கழித்து வந்தது. அக்கா அதற்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு அவன் கை மணிக்கட்டைப் பிடிக்கும் விதமே போதுமாக இருந்தது.

அன்று டிராம் நகர்ந்ததும் அத்திம்பேர் அண்ணாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, ஆஸ்பத்திரியில டாக்டர் காத்துண்டு இருப்பாரே?"

வக்கீல் சிலேட்டைத் தேடினார். அதை ஜட்காவிலேயே வைத்துவிட்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவரால் முடிந்த மிகச் சிறிய குரலில், தெருவின் இந்தப் பக்கம் மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"வரலைன்னு சொல்லி அனுப்பிடு."

நாங்கள் பையனைப் பார்த்தோம். அவன் அந்தக் குரலுக்குத் தோளை லேசாகக் குறுக்கினான். கையை விடவில்லை. அடுத்த டிராம் வரும் திசையை நோக்கித் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி அண்ணா" என்றார் அத்திம்பேர். அவர் அதை அவ்வளவு உற்சாகமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.